மூட்டை சுமந்து வந்த விருந்தினர்

பத்துப்பாட்டின் இறுதியில் நிற்கும் மலைபடுகடாம் புதுநாடு புகுவார்க்கு வழி கூறும் நூல். நன்னனை நாடிச் செல்லும் கூத்தர்க்கு 583 அடிகளில் வழி சொல்லும் பெருங்கௌசிகனார், அவ்வழியின் இடர்களை ஒளிப்பதில்லை. பன்றிக்கு வைத்த பொறியும், பாசி படர்ந்து வழுக்கும் நிலமும், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல்லும் உண்டென எச்சரிக்கின்றார். எச்சரித்தவர் திரும்பிப் போகுமாறு கூறினாரல்லர். மலையில் வாழும் எளிய குடியினர் முன்பின் அறியாதவரையும் உறவினரெனவே கொண்டு உணவளிப்பர் என்று துணிவூட்டுகின்றார். கீழ்த்திசைக் கல்லூரியில் இந்நூலைப் பாடம் சொல்லுந்தோறும் என் நெஞ்சம் நன்னனது மலையில் நில்லாது, கடல் கடந்து வேறொரு மலைக்குச் செல்லும். அம்மலை தமிழர் உழைப்பால் பசுமை போர்த்த மலை. அங்கும் ஒருவர் தனிவழி சென்றார், பொறிகளைக் கண்டார், எளியோர் வாயிலில் ஏற்கப் பெற்றார். அவரே தேசபக்தன் கோ. நடேசய்யர்.

இலங்கையின் நடுவே ஹட்டன், நுவரெலியா முதலிய ஊர்களைச் சூழ்ந்த மலைச்சரிவுகள் ஒரு காலத்தில் பெருங்காடுகளாய் இருந்தன. ஆங்கிலேயர் அங்குக் கோப்பி பயிரிட்டனர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்கத் தொடங்கிற்று. அதற்கு ஈராண்டு முன்னரே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் என்பார் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்டிருந்தார். கோப்பி மடிந்த இடமெல்லாம் தேயிலை தழைத்தது. பயிர் மாறிற்றேயன்றிப் பாடுபட்ட கை மாறவில்லை. திருச்சி, தஞ்சை, மதுரை, சேலம், இராமநாதபுரம், புதுக்கோட்டை ஆகிய பகுதிகளிலிருந்து கங்காணிமார் திரட்டிக் கொணர்ந்த தமிழ் மக்களே காட்டை வெட்டினர், கல்லைப் பெயர்த்தனர், கொழுந்து பறித்தனர். தொடக்க காலத்தில் அவர்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்குக் கால்நடையாய்ச் சென்றனர். காய்ச்சலிலும் பேதியிலும் வழியிலேயே மாண்டவர் பலர். 1884இல் புகைவண்டிப் பாதை ஹட்டனை எட்டிற்று. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கிற்று. பயணம் எளிதாயிற்று, வாழ்வு எளிதாகவில்லை.

இனி நடேசய்யரைப் பார்ப்போம். அவர் தஞ்சைப் பகுதியைச் சேர்ந்தவர், 1887இல் பிறந்தவர். அரசியலில் புகுந்து பெயர் பெறுதல் அவர்தம் முதல் நோக்கமாய்த் தோன்றவில்லை. அவர் கருத்துச் சென்ற துறை வாணிகம். தமிழன் கணக்கெழுதவும், கடிதம் வரையவும், காப்பீடு முதலியவற்றை உணரவும் கற்றாலன்றி முன்னேறான் என்று எண்ணி, அத்துறைகளில் தமிழிலேயே நூல்கள் இயற்றினார். தஞ்சையிலிருந்து வர்த்தக மித்திரன் என்னும் இதழையும் நடத்தினார். கதையும் கவிதையும் எழுதுவோரைப் போற்றும் நாம், பேரேடும் ரொக்கப் புத்தகமும் எழுதும் முறையைத் தமிழிற் சொன்னவரை எளிதில் மறந்துவிடுகின்றோம். ஆனால் இக்கணக்கறிவே பின்னர் அவர் கையில் ஆயுதமாயிற்று என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

1915இல் வர்த்தகர் சங்கத்தின் கொழும்புக் கிளை தொடர்பாக அவர் இலங்கை சென்றார். சென்றவர் கொழும்பு வணிகரின் உபசாரத்தோடு நாடு திரும்பியிருக்கலாம். மலைத்தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர் எவ்வாறு வாழ்கின்றனர் என்பதைத் தம் கண்ணாற் காண விரும்பினார். அங்கேதான் முதற் பொறி இருந்தது. தோட்டம் துரையின் சொத்து. தொழிலாளர் குடியிருந்த லயன்களும் அச்சொத்தினுள் அடக்கம். இசைவின்றி உள்ளே நுழைந்த வெளியார்மீது அத்துமீறிப் புகுந்த குற்றம் சாட்டலாம். தன் அண்ணனையோ அத்தையையோ காண வந்தவனும் சட்டத்தின் கண்ணில் குற்றவாளியாகலாம். விருந்தினனைக் குற்றவாளியாக்கிய சட்டம் அது.

எனவே நடேசய்யர் படித்தவர்க்குரிய கோலத்தைக் களைந்தார். புடவை வியாபாரியாய் வேடம் பூண்டார். துணிமூட்டை சுமந்து லயன்தோறும் விலை கூறிச் செல்லும் சிறு வணிகரைத் தோட்டத்தார் அவ்வளவாய்த் தடுப்பதில்லை. அக்கோலத்தில், அறியாத மலைநாட்டில், அறிமுகமற்ற மனிதரிடையே அவர் நடந்தார்.

அவர் கண்ட உலகம் எத்தகையது? பத்தடிக்குப் பன்னிரண்டடி என்னும் அளவினவாய் நெருங்கி நிற்கும் அறைகளின் வரிசையே லயன். ஒரு குடும்பம் முழுதும் ஓரறையில் வாழும். பல வேளைகளில் இரு குடும்பங்களும் வாழும். விடியுமுன் பிரட்டுக்களத்தில் நிற்றல் வேண்டும். துரைக்குக் கீழே கண்டக்டர், கணக்கப்பிள்ளை, கங்காணி என்று அதிகாரம் படிப்படியாய் இறங்கித் தொழிலாளியின் தோளில் முழுப்பாரமாய் அமரும். இவை யாவற்றினும் கொடியது துண்டு முறை. தொழிலாளி கங்காணியிடம் பட்டிருக்கும் கடன் இவ்வளவு என்று குறித்த சீட்டே துண்டு. வேறு தோட்டத்தார் அக்கடனைத் தீர்த்தாலன்றி அவன் இடம் பெயரவியலாது. பெயர்ந்தாலும் கடன் அவனோடு பெயரும். ஊரினின்று வந்த வழிச்செலவு, வாங்கிய அரிசி, போர்த்த கம்பளி எல்லாம் கடனாய் ஏறும். எழுத்தறியாதவன் பெயரில் எழுதப்படும் கணக்கை யார் சரிபார்ப்பார்? கணக்கு நூல் எழுதிய ஒருவர் இத்தகைய கணக்கினைக் கண்டபோது, அதில் மறைந்த வஞ்சம் அவர்க்கு மற்றவரினும் விரைவில் விளங்கியிருத்தல் வேண்டும் என்பது என் துணிபு.

ஆயின், கண்டதனால் மட்டும் ஒருவர் இத்தனையும் அறிதல் இயலாது. லயனின் நீளம் கண்ணுக்குத் தெரியும். கடனின் ஆழம் தெரியாது. அதனை மக்கள் வாய்திறந்து சொல்லுதல் வேண்டும். புடவைக்காரராய் வந்த புதியவரிடம் அவர்கள் சொன்னார்கள். இதன் அருமையை நாம் நின்று நினைத்தல் தகும். நகரத்தில் விருந்தோம்புவோர்க்குச் செலவு ஒருவேளைச் சோறு. தோட்டத்தில் அயலாரோடு அளவளாவியமை துரையின் செவிக்கு எட்டினால், வேலையும் போகும். வேலையோடு தலைக்குமேல் இருந்த கூரையும் போகும். பற்றுச்சீட்டுக் கொடுத்து வெளியேற்றப்பட்ட குடும்பம் மழையில் மூட்டை முடிச்சுகளோடு தெருவில் நிற்கும். அவ்வாறிருந்தும் அவர்கள் வந்தவரை வாவென்றனர். கேட்டதற்கு விடை கூறினர். விருந்தோம்பல் இன்சொல்லும் இன்முகமும் மட்டுமன்று; சில இடங்களில் அது வீரமும் ஆகும். ஒருவரும் காட்டிக்கொடாமையினாலேயே அவர் தம் ஆய்வை முடித்துத் தஞ்சை மீண்டார். தோட்டத் தொழிலாளர் நிலை குறித்துச் சிறுநூலும் வெளியிட்டார்.

இம்மலைமக்களின் இயல்பை நான் நூல் வாயிலாக மட்டும் அறிந்தேனல்லேன். சில ஆண்டுகட்கு முன் கொழும்புக் கோட்டை நிலையத்தில் தனியனாய்ப் புகைவண்டி ஏறி ஹட்டனுக்குச் சென்றேன். எதிரில் அமர்ந்த குடும்பத்தார் என் பேச்சைக் கேட்டதும் எந்த ஊர் என்றனர். சொன்னேன். தம் பாட்டனார் ஊர் அதற்குப் பக்கம் என்று மகிழ்ந்து, இலைச்சுருளில் இருந்த ரொட்டியையும் சம்பலையும் என் கையில் வைத்தனர். ஹட்டனில் இறங்கியபோது விடுதிக்குச் செல்ல விடாது தம் லயனுக்கு அழைத்துச் சென்றனர். அங்கே பால் கலவாத தேத்தண்ணீர் கிடைத்தது. பக்கத்து அறைகளிலிருந்து வாத்தியாரைக் காண ஒவ்வொருவராய் வந்தனர். உலகமெல்லாம் பருகும் நல்ல தேயிலையைப் பறிப்பவர் வீட்டில், அத்தேயிலையின் தூளே காய்கின்றது என்பதை அன்று நாவால் அறிந்தேன். நடேசய்யரைப் பற்றிக் கேட்டேன். இளையோர் ஒருவரை ஒருவர் நோக்கினர். மூலையில் கம்பளி போர்த்திருந்த மூதாட்டியார் மட்டும் தலைநிமிர்ந்து, தம் தாயார் சிறு பெண்ணாய் இருந்த காலத்தில் ஐயரின் மனைவியார் பாடக் கேட்டதாகச் சொல்லியதுண்டு என்றார். வரலாற்று நூல்கள் தாரா உறுதியை அச்சொல் எனக்குத் தந்தது.

அவ்வம்மையாரே மீனாட்சியம்மாள். அவரைப் பற்றிக் கூறுமுன், நடேசய்யர் மீண்டும் இலங்கை வந்த வரலாற்றைக் கூறுதல் வேண்டும்.

உண்ட வீட்டை மறவாமை பெரியோர் இயல்பு. 1920ஆம் ஆண்டளவில் நடேசய்யர் இலங்கைக்கே திரும்பினார். இம்முறை மூட்டையோடன்று, எழுதுகோலோடு. முதலில் தேசநேசன் என்னும் இதழின் ஆசிரியப் பொறுப்பில் இருந்தார்; 1924இல் தேசபக்தன் என்னும் தம் இதழைத் தொடங்கினார். பின்னர் அவ்விதழின் பெயரே அவர்க்கு அடைமொழியாய் நிலைத்தது. தோட்டங்களில் நிகழ்ந்த கொடுமைகளை அவ்விதழ் அச்சிலேற்றிற்று. தோட்டத்துரைமாரும் காவல்துறையினரும் அவரைக் கண்காணிக்கத் தொடங்கினர். முன்னர் அறியாத புடவைக்காரராய் நுழைந்தவர், இப்போது ஒவ்வொரு தோட்ட வாயிலிலும் பெயரறிந்து தடுக்கப்படுபவரானார். துண்டு முறை 1921இலேயே சட்டத்தால் நீக்கப்பட்டிருந்தது. ஆயினும் துண்டு போன பின்னும் கடன் போகவில்லை. கங்காணியின் பிடியும் தளரவில்லை.

1925இல் இலங்கைச் சட்டசபையில் இந்தியர்க்குரிய இடமொன்றிற்கு அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். கொழும்பு நகரில் சிங்களத் தொழிலாளர் தலைவராய் விளங்கிய ஏ. ஈ. குணசிங்கவோடு தோழமை பூண்டு, அவரது தொழிற்சங்கத்தின் துணைத் தலைவராயும் இருந்தார். மொழியும் இனமும் வேறாயினும் உழைப்பவர் ஒரு குலத்தினரே என்னும் கருத்து அந்நாளில் இருவரையும் இணைத்தது. இத்தோழமை நீடிக்கவில்லை. 1920களின் இறுதியில், இந்தியத் தொழிலாளர்க்கு எதிரான குரல் அச்சங்கத்திலேயே எழுந்தபோது இருவரும் பிரிந்தனர். வந்தாரை வாழவைக்கும் நகரம், வந்தார் மிகுந்துவிட்டனர் என்று எண்ணத் தொடங்கும் நாள் ஒன்றுண்டு. அந்நாளின் கசப்பை நடேசய்யர் கொழும்பில் சுவைத்தார்.

கொழும்பில் கதவு சாத்தப்பட்டவர் எங்கே சென்றார்? முன்னொருநாள் வாவென்று அழைத்த மலைக்கே சென்றார். 1931இல் ஹட்டனைத் தலைமையிடமாய்க் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். தோட்டத் தொழிலாளர்க்கென எழுந்த முதல் தொழிற்சங்கம் அது. காலமோ மிகக் கொடியது. 1927இல் இயற்றிய குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1929இல் நடைமுறைக்கு வந்து, மலைநாட்டில் நாளொன்றுக்கு ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம் என வகுத்திருந்தது. உலகெங்கும் பரவிய பொருளாதார வீழ்ச்சியைக் காரணங்காட்டி, 1930களின் தொடக்கத்தில் அதனையும் குறைத்தனர். தேயிலையின் விலை ஏறிய நாளில் ஏறாத கூலி, விலை இறங்கிய நாளில் மட்டும் தவறாது இறங்கிற்று.

இந்நிலையில் கூட்டம் கூட்டுதல் எளிதன்று. தோட்டத்தினுள் கூட இயலாது; வெளியே கூடினாலும் அஞ்சும் மக்கள் அணுகார். இங்கேதான் மீனாட்சியம்மாளின் தொண்டு சிறந்தது. அவர் தாமே பாடல்கள் இயற்றி, மக்கள் அறிந்த மெட்டுகளில் பாடினார். பாரதியாரின் பாடல்களையும் மலையெங்கும் பரப்பினார். பேச்சுக்கு அஞ்சியவர் பாட்டுக்கு நின்றனர்; நின்றவர் கேட்டனர்; கேட்டவர் பாடலைத் தம்மோடு லயனுக்குக் கொண்டு சென்றனர். பாட்டுக்கு அத்துமீறல் சட்டம் இல்லை. அவர் பாடல்கள் 1940இல் நூலாகவும் வெளிவந்தன. பெண்கள் பொதுமேடையேறுதல் அரிதாயிருந்த காலத்தில், மழையும் பனியும் மாறாத மலைச்சந்திகளில் நின்று பாடிய அவ்வம்மையாரைத் தமிழ்ப் பெண் எழுத்தாளர் வரிசையில் வைத்துப் போற்றுதல் நம் கடன்.

நடேசய்யரின் எழுத்தும் ஓயவில்லை. தொழிலாளர்க்குரிய சட்டங்களை அவர்கட்கு விளங்கும் தமிழில் எழுதி அச்சிட்டார். அவர் வாழ்வையே பொருளாய்க் கொண்டு 1937இல் தொழிலாளர் அந்தரப் பிழைப்பு என்னும் நாடகம் இயற்றினார். அந்தரம் என்பது மலைநாட்டில் இன்றும் வழங்கும் சொல். பிடிப்பின்றித் தொங்கும் நிலையை, திகைப்பை, இக்கட்டை எல்லாம் அவ்வொரு சொல் உணர்த்தும். அகராதி புரட்டித் தேடிய சொல்லன்று அது. லயன் வாயிலில் கேட்ட சொல். மக்களிடம் பெற்றதை மக்கட்கே திருப்பியளித்தமைக்கு அந்நூற்பெயர் ஒன்றே போதிய சான்று.

1936இல் ஹட்டன் தொகுதி மக்கள் அவரை அரசாங்க சபைக்குத் தேர்ந்தனுப்பினர். ஒருகாலத்தில் மறைந்து நடந்த மலைக்கு அவர் உறுப்பினரானார். 1947 வரை அப்பொறுப்பில் இருந்தார். அவர் வாழ்வில் குறையே இல்லை என்று கூறின் அது புகழுரையாகுமேயன்றி வரலாறாகாது. அவர் நிறுவிய சம்மேளனம் நெடுங்காலம் வலிமையோடு நிற்கவில்லை. தனியே நடந்து பழகியவர்க்குப் பலரைக் கூட்டி நடத்தும் பொறுமை குறைவு போலும். அமைப்பு அவர் ஒருவரையே தூணாய்க் கொண்டிருந்தது. 1939இல் இலங்கை இந்தியர் காங்கிரசு தோன்றியபின், தொழிலாளர் அதன் சங்கத்தில் திரண்டனர். முன்னே வழி திறந்தவர் பின்னே வருபவரால் மறைக்கப்படுதல் உலகியல்பு. எனினும், தோட்ட வாயிலில் இட்ட பூட்டை முதலில் அசைத்தவர் யார் என்னும் கேள்விக்கு வேறு விடை இல்லை.

1947 நவம்பரில் நடேசய்யர் மறைந்தார். அவர் மறைந்து ஓராண்டு நிறைந்த அளவில், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பின்னர் முடிவு செய்யப்படுவதாயிற்று. எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. முன்பின் அறியாதவரை உறவென்று ஏற்ற மக்களை, அவர் பிறந்து வளர்ந்த நாடே அயலாரென்றது; முன்னோர் நாடும் அவரை எண்ணிக்கையாகவே நோக்கியது. இதனினும் பெரிய முரண் ஒன்று உண்டோ?

ஆற்றுப்படை நூல்களின் அறம் இதுவே: பெற்றவன், பெறாதவனுக்கு வழி காட்டுதல். அந்நூல்களில் வள்ளல் மன்னன், பெறுபவன் வறியவன். நடேசய்யர் வரலாற்றிலோ வள்ளலே வறியவன். அவ்வறியவன் தந்தது பொன்னன்று. தன் வாழ்க்கையின் உண்மையைத் தந்தான். பெற்றவர் அதனைத் தமக்கென வைத்துக்கொள்ளாது, நூலாகவும் இதழாகவும் சட்டசபைப் பேச்சாகவும் உலகுக்கு ஆற்றுப்படுத்தினார். நாமும் புதிய ஊர்களுக்குச் செல்கின்றோம், இன்முகத்தோடு வரவேற்கப்பெறுகின்றோம், அவ்வூரார் நல்லர் என்று நண்பரிடம் வியந்துரைக்கின்றோம், பின் மறக்கின்றோம். வரவேற்றவர் எத்தகைய கூரையின் கீழ் நின்று வரவேற்றனர் என்பதை நினைப்பவர் சிலர். அந்நினைவால் தம் வாழ்வையே மாற்றிக்கொள்பவர் நூறாண்டில் ஒருவர்.

அவ்வொருவரின் வரலாற்றை ஆராய்ந்து, மலையக எழுத்தாளர் சாரல்நாடன் 1988இல் தனிநூலே எழுதினார். ஆயினும் தமிழ்நாட்டுப் பள்ளிகளில், அவர் பிறந்த தஞ்சைப் பகுதியிலும், அப்பெயரைக் கேட்ட மாணாக்கர் மிகச் சிலரே. ஆசிரியத் தோழர்கட்கு என் வேண்டுகோள் ஒன்றுண்டு. விருந்தோம்பல் அதிகாரத்தைக் கற்பிக்கும் வகுப்பில், உரை முடிந்தபின் கால்மணி நேரம் எஞ்சுமாயின், புடவை மூட்டை சுமந்து மலையேறிய ஒருவரைப் பற்றியும், தம் கூரையைப் பணயம் வைத்து அவரோடு பேசிய பெயரறியா மக்களைப் பற்றியும் மாணவர்க்குச் சொல்லுங்கள். அம்மக்களின் பேரர் இன்றும் அம்மலையில் கொழுந்து பறிக்கின்றனர். பழைய லயன்களும் இன்னும் முற்றும் மறையவில்லை. அவர்கட்கு நாம் பட்ட கடன் எந்தத் துண்டிலும் எழுதப்படாதது. ஆதலின் எந்தச் சட்டத்தாலும் நீக்கப்படாதது.